இந்த மசில் கார் அசலா, க்ளோனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் தயாரான மசில் கார்களை, அதாவது பெரிய இன்ஜின் வைத்த வேகமான கார்களை, வாங்க நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். அதனால் அவற்றைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். ஃபோர்டு, கிரைஸ்லர் பற்றித் தேவையான அளவு சொல்லியிருக்கிறேன்.

அசல் என்று எதைச் சொல்கிறோம்?

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றே அந்த மாடலாக இருந்த கார்தான் அசல். ஷெவெல் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிராண்டு கார். மாலிபு அதன் சாதாரண மாடல், எஸ்எஸ் அதன் பெர்ஃபார்மன்ஸ் மாடல். 1970இல் சாதாரண மாலிபுவாக வெளிவந்து, பின்னாளில் யாரோ ஒருவருடைய கேரேஜில் எஸ்எஸ் ஆக மாறிய ஷெவெல் அசல் ஆகாது. அதைத்தான் க்ளோன் என்கிறார்கள். விற்பவர்கள் கொஞ்சம் மரியாதையாக ‘ட்ரிப்யூட்’ என்பார்கள். க்ளோன் என்று சொல்லி, க்ளோனுக்குரிய விலைக்கு விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பது வேறு விஷயம். அந்தக் காரோடு வந்த அதே இன்ஜின் இன்றும் அதில் இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிராண்டில் லெமான்ஸ் சாதாரண மாடல், ஜிடிஓ பெர்ஃபார்மன்ஸ் மாடல். இன்ஜின் மாறிப்போன அசல் ஜிடிஓ உண்டு. பிறந்த இன்ஜினோடு இன்றும் ஓடும் சாதாரண லெமான்ஸும் உண்டு. “மேட்சிங் நம்பர்ஸ் சார்” என்று யாராவது சொன்னால், “சரி, எந்த மாடலாகப் பிறந்த கார்?” என்று தனியாகக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு க்ளோன்கள்?

சாதாரண மாடலுக்கும் பெர்ஃபார்மன்ஸ் மாடலுக்கும் உடம்பு ஒன்றுதான். பேட்ஜ், கோடுகள், பானட், சீட், டேஷ்போர்டு எல்லாமே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒரு மாலிபுவை எஸ்எஸ் ஆக்கத் தேவையான அத்தனையையும் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆர்டர் செய்துவிடலாம். விலையிலோ பல மடங்கு வித்தியாசம். அதனால் கண்ணுக்குத் தெரிகிற எதையும் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. காரில் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்கள் பதித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும்தான் பார்க்கிறேன்.

வின் நம்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

சில வருடங்களில் தெரியும், சில வருடங்களில் தெரியவே தெரியாது. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். ‘வின்’ என்பது நம் ஊர் ஆர்சி புத்தகத்தில் சேசிஸ் நம்பர் என்று போட்டிருப்பதே.

பான்டியாக் ஜிடிஓவை எடுத்துக்கொள்வோம். 1966 முதல் 1971 வரை அது தனி சீரிஸ். வின் 242 என்று தொடங்கும். உதாரணமாக 242176பி என்று தொடங்கினால், 2 பான்டியாக், 42 ஜிடிஓ, 17 இரண்டு கதவு ஹார்ட்டாப், 6 என்பது 1966, பி என்பது மிச்சிகனில் உள்ள பான்டியாக் நகரத் தொழிற்சாலை. அதே வருடத்து லெமான்ஸ் 237 என்று தொடங்கும். 237இல் தொடங்கும் காரில் எத்தனை ஜிடிஓ பேட்ஜ் இருந்தாலும் அது லெமான்ஸ்தான். பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் 1964, 65இல் கதை வேறு. அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான பான்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாகக் கொண்டுவந்தால் மேலே அனுமதி கிடைக்காது என்பதால், லெமான்ஸுக்கான ஓர் ஆப்ஷனாக உள்ளே நுழைத்தார்கள். முதல் வருடமே 32,450 கார்கள் விற்றன. அந்தத் தந்திரத்தின் விளைவு இன்று நம் தலையில்: 1964, 65 ஜிடிஓவின் வின்னும் லெமான்ஸின் வின்னும் ஒரே மாதிரிதான் இருக்கும். 1972இல் ஜிடிஓ மறுபடியும் ஆப்ஷனாகவே மாறிவிட்டது.

ஷெவெலில் இது அப்படியே இன்னொரு வடிவில் நடந்தது. 1966 முதல் 68 வரை எஸ்எஸ் 396 தனி சீரிஸ், வின் 138 என்று தொடங்க வேண்டும். மாலிபு வி8 என்றால் 136. 1969இலிருந்து எஸ்எஸ் வெறும் ஆப்ஷன். 1970 எஸ்எஸ் 454 காரும், பக்கத்து வீட்டுப் பாட்டி வாங்கிய வி8 மாலிபு ஹார்ட்டாப்பும் 13637 என்றே தொடங்கும். 1972இல் மட்டும் ஒரு வசதி: வின்னின் ஐந்தாவது இடத்தில் இன்ஜின் குறியீடு வந்துவிட்டது. அங்கே ‘டபிள்யூ’ இருந்தால் 454 இன்ஜின். அந்த வருடம் ஷெவெலில் 454 வேண்டுமென்றால் எஸ்எஸ் வாங்கியே ஆக வேண்டும் என்பதால், அந்த ஓர் எழுத்து போதும்.

ஓல்ட்ஸ்மொபில் 442க்கு 1968 முதல் 71 வரை 344 என்று தொடங்கும் வின். அதற்கு முன்பு ஆப்ஷன்.

அப்படியானால் 1964, 65 ஜிடிஓவை எப்படி உறுதி செய்வது?

பான்டியாக் வாங்குபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் 1961 முதல் 1986 வரையிலான கார்களின் தொழிற்சாலைப் பில்கள் இருக்கின்றன. வின் நம்பரை அனுப்பிப் பணம் கட்டினால், அந்தக் கார் எந்த டீலருக்கு, என்னென்ன ஆப்ஷனோடு போனது என்பதன் நகல் வரும். ஜிடிஓ ஆப்ஷன் அதில் இருந்தால் ஜிடிஓ, இல்லையென்றால் இல்லை. 1969, 70, 71 ‘ஜட்ஜ்’ கார்களுக்கும் இதுதான் வழி. ஏனென்றால் ஜட்ஜ் என்பது ஜிடிஓவின் மேல் வந்த ஆப்ஷன், வின் அதைச் சொல்லாது.

ஒன்று மட்டும் கவனம்: விற்பவர் காட்டும் நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள். நகலின் நகலில் ஒரு வரியை மாற்றுவது பெரிய வேலை இல்லை. உங்கள் பெயரில் நீங்களே வரவழையுங்கள்.

காரில் பார்ப்பதற்கும் ஒன்று உண்டு. பான்டியாக்கின் 326, 389 இன்ஜின்கள் வெளியே பார்க்க ஒரே உருவம், பெயின்ட் அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. பிளாக்கின் முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்து (அமெரிக்கக் கார்களில் வலது பக்கம்) ஹெட்டுக்குக் கீழே உள்ள குறியீட்டைப் படியுங்கள். 1964 ஜிடிஓவில் நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்து 325 குதிரைத்திறன், மேனுவல் கியர் என்றால் 78எக்ஸ்எக்ஸ். மூன்று கார்புரேட்டர் வைத்த 348 குதிரைத்திறன் ‘ட்ரை-பவர்’ என்றால் 76எக்ஸ்எக்ஸ்.

ஷெவர்லேக்கு அப்படி ஆவணம் கிடைக்காதா?

அமெரிக்காவில் விற்ற சாதாரண ஷெவர்லேக்களுக்கு வின்னை அனுப்பி ஆப்ஷன்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஷெவெல், கமாரோ விலைகள் எவ்வளவு உயர்ந்தாலும் சந்தேகம் கூடவே வருவதற்கு இதுதான் காரணம். கனடாவில் விற்ற கார் என்றால் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் பழைய பதிவுகளிலிருந்து விவரம் பெற முடிந்திருக்கிறது. அதனால் கனடா ஷெவெல் ஒன்று கையில் சிக்கினால், அதோடு அந்தக் காகிதமும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் ஆர்வலர்கள் நடத்தும் என்சிஆர்எஸ் அமைப்பு ஷிப்பிங் விவரம் தருகிறது, ஆனால் அது எந்த டீலருக்குப் போனது என்பதைத்தான் சொல்லும். ஆப்ஷன் எதுவும் வராது.

மிச்சமிருப்பது காரோடு பிழைத்து வந்த காகிதங்கள். வாரன்டி புத்தகத்தில் ஒட்டியிருந்த ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சின்ன உலோகத் தகடு ஒன்று. அதில் வின், இன்ஜின் குறியீடு, ஆக்சில் குறியீடு எல்லாம் புடைத்து நிற்கும். இன்னொன்று ‘பில்ட் ஷீட்’, அதாவது அசெம்பிளி லைனில் தொழிலாளிகள் பார்த்து வேலை செய்த தாள். வேலை முடிந்ததும் அதைக் காரிலேயே விட்டுவிடுவார்கள். ஷெவெலில் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருக்கும்.

என் நண்பர் ஒருவர் 1970 ஷெவெல் ஒன்றை எஸ்எஸ் 396 என்று நம்பி வாங்கினார். வாங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் டேங்கை இறக்கினோம். பெல்ட்டைக் கழற்றி, ஜாக்கி வைத்து மெதுவாக இறக்கியபோது டேங்கின் மேல் பழுப்பாக ஒரு தாள் தெரிந்தது. ஓரமெல்லாம் எலி தின்றிருந்தது, நடுவில் துருக் கறை. கையை வைத்தால் உதிர்ந்துவிடும் போலிருந்ததால் எடுக்காமலே, டார்ச் அடித்துப் படித்தோம். முதலில் வின் கட்டம்: கடைசி ஆறு இலக்கமும் அவர் காருடையதுதான். நண்பர் முகத்தில் சிரிப்பு. அடுத்து இன்ஜின் கட்டம். 350க்கான குறியீடு. எஸ்எஸ் 396 ஆப்ஷனின் இசட்-25 எங்கேயும் இல்லை. அதற்கப்புறம் அரை மணி நேரம் அவர் எதுவும் பேசவில்லை. டேங்கை இறக்குவதை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கும் உண்டு, நானும் கூடத்தான் போயிருந்தேன்.

தாள் கிடைத்ததும் வின்னைப் பாருங்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. லைனில் முன்னே போன காரின் தாள் பின்னே வந்த காரில் விழுந்துவிடுவது உண்டு. எஸ்எஸ் என்று எழுதிய தாள் கிடைத்தது என்பதற்காகத் துள்ளிக் குதிக்காதீர்கள்.

கமாரோ இசட்-28 வாங்கப் பார்க்கிறேன். எங்கே தொடங்குவது?

இசட்-28 என்பது ஷெவர்லே கமாரோவின் பெர்ஃபார்மன்ஸ் மாடல். வின்னை முதலில் மறந்துவிடுங்கள். 1967 முதல் 69 வரை அது ‘கமாரோ, வி8’ என்பதோடு நின்றுவிடும்.

எளிய கேள்விகளிலேயே பாதிப் போலிகள் அடிபட்டுவிடும். இந்த மூன்று வருட இசட்-28 ஆட்டோமேடிக் கியரோடு வந்ததில்லை, ஏசியோடும் வந்ததில்லை. கன்வெர்டிபிள் என்றால், 1968இல் ஷெவர்லே தலைவர் பீட் எஸ்டெஸுக்காகச் செய்த ஒரே ஒரு கார்தான். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவர்) தொழிற்சாலை ஏசிக்கான துளை வெட்டு இருக்கும் ‘இசட்-28’ எப்படிப்பட்டது என்று இனி நீங்களே சொல்லிவிடலாம். 1969 காரில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும், பின் ஆக்சில் மூடியில் 12 போல்ட்டும் இருக்க வேண்டும்.

அடுத்து இன்ஜின். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 305 கன அங்குலம்தான் உச்ச வரம்பு. அதற்காகவே 4 அங்குல போர், 3 அங்குல ஸ்ட்ரோக் வைத்து 302 இன்ஜினைச் செய்தார்கள். 1969இல் அதன் குறியீடு டிஇசட். பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் சின்ன மேடை போல ஓர் இடம் இருக்கும், துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

1969 கார் ஒன்றில் எண்கள் எப்படி அமைய வேண்டும் என்று ஓர் உதாரணம். மேடையில் ‘வி0106டிஇசட்’: ஃப்ளின்ட் நகர இன்ஜின் தொழிற்சாலை, ஜனவரி 6, இசட்-28 இன்ஜின். வருடம் அதில் வராது. பிளாக்கின் பின்பக்கம், வார்க்கும்போதே எழுந்து நிற்கும் எழுத்தில் ‘எல் 18 8’: எல் என்றால் பன்னிரண்டாவது எழுத்து, டிசம்பர், 1968 டிசம்பர் 18இல் வார்த்தது. ஃபயர்வாலில் உள்ள கௌல் டேக் என்ற தகட்டில் ‘01சி’: ஜனவரி மூன்றாவது வாரம் பாடி தயார். வார்ப்பு, இன்ஜின், கார் என்று தேதிகள் இந்த வரிசையில்தான் போக வேண்டும். இன்ஜின் பிறப்பதற்கு முன்பே கார் பிறந்திருந்தால் அந்த இன்ஜின் பிறகு வந்தது. ஆறேழு மாத இடைவெளி இருந்தாலும் நான் நின்று யோசிப்பேன். கடைசியாக, 1968 மாடலிலிருந்து இன்ஜினில் வின்னின் ஒரு பகுதியும் பதித்திருப்பார்கள். ‘19என்’ என்று தொடங்கி ஆறு இலக்கம் வரும்: 1 ஷெவர்லே, 9 வருடம், என் நார்வுட் தொழிற்சாலை. அந்த ஆறு இலக்கமும் டேஷ்போர்டில் உள்ள வின்னின் கடைசி ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கௌல் டேக்கில் எக்ஸ் 33 இருக்கிறது. போதுமா?

ஒஹையோவில் உள்ள நார்வுட் தொழிற்சாலையில் 1968 டிசம்பர் வாக்கிலிருந்து செய்த 1969 மாடல் கமாரோக்களில் எக்ஸ் குறியீடு உண்டு. எக்ஸ் 33, எக்ஸ் 77 இரண்டும் இசட்-28. எக்ஸ் 33 என்றால் கூடவே ஸ்டைல் ட்ரிம் அலங்காரமும் சேர்ந்தது. எக்ஸ் 11 பல வகைக் கார்களுக்கும் வரும், அதை வைத்து எஸ்எஸ் என்று சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் தொழிற்சாலைக் கார்களில் எக்ஸ் குறியீடே கிடையாது. அங்கே பிறந்த காரில் எக்ஸ் 33 இருந்தால் தகடு பொய்.

ஆனால் இந்தத் தகட்டில் வின் கிடையாது! அதில் உள்ள பாடி நம்பர், காரின் பாடியைச் செய்த ஃபிஷர் பாடி நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. ஆகவே ஒரு தகடு இந்தக் காருக்குத்தான் சொந்தம் என்று அந்தத் தகட்டை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. புதிதாக அச்சடித்த தகடுகளும் சந்தையில் கிடைக்கின்றன. மற்ற எண்களோடு சேர்த்துப் பார்க்க நல்ல சாட்சி, தனியாக நின்றால் பலவீனமான சாட்சி.

இன்ஜின் நம்பரையே அழித்துப் புதிதாக அடித்திருந்தால்?

ரீஸ்டாம்ப் என்கிறார்கள். நிறைய நடக்கிறது. நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு அந்த மேடையைப் பாருங்கள். தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்தளத்தை ‘ப்ரோச்’ என்ற இயந்திரத்தால் சீவுவார்கள். அதனால் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழும், வாழை இலையின் நரம்பு மாதிரி நெருக்கமாக. எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் பதிந்திருக்க வேண்டும். மேடை வழவழவென்று இருந்தாலோ, வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் இருந்தாலோ, யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

எழுத்துகளையும் கவனியுங்கள். தேதியும் குறியீடும் இன்ஜின் தொழிற்சாலையில் ஒரே அடியில் விழுந்தவை. வின் பகுதி பிறகு கார் தொழிற்சாலையில் வேறு கருவியால் அடித்தது. இரண்டும் வேறு வேறு எழுத்து அளவு, வேறு வேறு ஆழம், கொஞ்சம் கோணலாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே கையெழுத்து போல அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது வருடத்தில் இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தவர்கள் ஹெட் சரியாக உட்கார வேண்டும் என்று மேல்தளத்தைச் சீவியிருப்பார்கள், நம்பரும் அதோடு போயிருக்கும். வெறுமையான மேடையைப் பார்த்ததும் விற்பவரைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். வெறுமை ஒரு இழப்பு, அவ்வளவுதான். அந்த வெறுமையின் மேல் புது நம்பர் அடித்திருப்பதுதான் பொய்.

ஃபோர்டு மஸ்டாங்?

இது எளிது. வின்னின் ஐந்தாவது எழுத்து இன்ஜின். 1965 முதல் 67 வரை ‘கே’ என்றால் 271 குதிரைத்திறன் 289 இன்ஜின். 1968 முதல் 70 வரை ‘ஆர்’ என்றால் ராம் ஏர் உள்ள 428 கோப்ரா ஜெட். 1969, 70இல் ‘ஜி’ பாஸ் 302, ‘இசட்’ பாஸ் 429. 1967 மாடலிலிருந்து வந்த கார்களுக்கு ‘மார்ட்டி ரிப்போர்ட்’ வாங்கலாம். ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் கெவின் மார்ட்டி தருவது அது. ஜிடி போல வின்னில் வராத ஆப்ஷன்களும் அதில் வந்துவிடும்.

1965, 66 ஜிடிக்கு அந்தத் துணை இல்லை. அந்த ஜிடிகள் ‘ஏ’ அல்லது ‘கே’ இன்ஜினோடு மட்டுமே வந்தன. ‘சி’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: பின்பக்கச் சட்டத்தில் இரட்டை எக்ஸாஸ்ட்டைத் தாங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே வெல்டிங் செய்த வலுவூட்டும் தகடுகள் இருக்க வேண்டும். முன்னால் ஃபாக் லைட் மாட்டத் தெரிந்தவர்கள் பலருக்கு இது தெரியாது.

டாட்ஜ், பிளிமத்?

கிரைஸ்லர் வின் நிறையப் பேசும். 1969 சார்ஜர் ஆர்/டி என்றால் ‘எக்ஸ்எஸ்29’, சாதாரண சார்ஜர் ‘எக்ஸ்பி29’. அதை அடுத்து வரும் எழுத்து இன்ஜின்: 1969இல் ‘எல்’ 440 மேக்னம், ‘ஜே’ 426 ஹெமி. 1970, 71இல் ஹெமிக்கு ‘ஆர்’, மூன்று கார்புரேட்டர் 440க்கு ‘வி’. வருடத்துக்கு வருடம் எழுத்து மாறும், அந்தந்த வருடத்துப் பட்டியலை வைத்துத்தான் படிக்க வேண்டும். பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம் ஃபெண்டர் டேக் இருக்கும், அதைக் கீழ் வரியிலிருந்து மேலாகப் படியுங்கள். பில்ட் ஷீட்டை இங்கே சீட் ஸ்பிரிங்குக்குள்ளும் தேடுங்கள்.

வின் தகட்டையே மாற்றியிருக்க முடியாதா?

முடியும். ஒரு துருப்பிடித்த அசலின் தகட்டைக் கழற்றி நல்ல க்ளோனில் மாட்டுவது பழைய வேலை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இது குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை ஆறு இதழ்ப் பூ மாதிரி இருக்கும். சாதாரண வட்ட ரிவெட்டோ, பசை தடமோ, சுற்றிலும் கீறலோ இருந்தால் கிளம்பிவிடுங்கள். 1968, 69 கமாரோவில் வின்னின் பகுதியை மறைவிடங்களிலும் பதித்திருக்கிறார்கள்: ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில், முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள கௌல் பேனலுக்கு அடியில். ஷெவெலுக்குத் தனி ஃபிரேம் (சேசிஸ் சட்டகம்) என்பதால் அதன் மேலும் பதித்திருக்கும். மஸ்டாங்கில் முன் ஃபெண்டருக்கு அடியில், உள் ஏப்ரனில்.

அசல்தான், ஆனால் இன்ஜின் மாறிவிட்டது. வாங்கலாமா?

நான் வாங்குவேன். விலை குறைய வேண்டும், அவ்வளவுதான். பந்தயத்துக்கும் சாலைப் போட்டிக்கும் ஓட்டிய கார்கள் இவை. அந்த இன்ஜின்களில் பல வாரன்டி காலத்திலேயே வெடித்து மாறியவை. அதே வகை, காருக்குப் பொருந்தும் தேதி உள்ள இன்ஜின் வைத்து, அதை மறைக்காமல் சொல்கிறவர் நல்ல விற்பனையாளர்.

நேரில் போவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

முழு வின், இன்ஜின் மேடையின் தெளிவான படம், டேக்கின் படம், கையில் உள்ள காகிதங்கள். பெயின்ட்டும் உள்அலங்காரமும் பிறகு. வின்னைத் தர மறுப்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், க்ளோன் என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்ய?

விற்றவர் எழுத்தில் ‘அசல்’ என்று சொல்லியிருந்தால் விளம்பரம், மின்னஞ்சல், ரசீது எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் கஷ்டம்.

நண்பர் காருக்கு எழுத்தில் எதுவும் இல்லை. அவர் அதை விற்கவில்லை, இன்றும் ஓட்டுகிறார். அந்த எலி தின்ற தாளை ஒரு வழியாகப் பத்திரமாகப் பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, காரின் ஃபைலில் முதல் பக்கமாகப் போட்டிருக்கிறார். அந்தக் காரை அடுத்து வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்.